வாயில் வைத்த நான்கு வரிகள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

மாமாவை அடக்கம் செய்து இருபது நாள் ஆகிவிட்டது. ஊர் வந்து சேர்ந்ததும் உனக்கு ஒரு கார்டு போட்டேன். பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்குக் கை மையைத் துடைத்துக்கொண்டு அச்சுக்கூடத்து வாசலில் போய் நிற்கிறேன். "இன்னைக்கும் உங்க அக்கா எழுதல சார்" என்று நான் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிடுகிறார்.

சாப்பிடுகிறாயா? முன்னறையில் மாமா வெட்டிச் சாய்த்து வைத்திருந்த ஜன்னல் கண்ணாடிகளை ஆர்டர் கொடுத்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டார்களா? நீ தனியாகத் தூக்கப் பார்க்காதே. ஓரம் கையைக் கிழிக்கும்.

இடுகாட்டில் நடந்ததை எழுதாமலே கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. கணக்கு வாத்தியார் நம் சபையின் வாக்குப் புத்தகத்தைப் பிரித்து, இறந்தவரை வழியனுப்பும் விடைவாக்கைப் படித்தார். எல்லாரும் அவரவர் புத்தகத்தைப் பார்த்துக் கூடவே படித்தோம். முடிந்தது. மூடினோம். மண் அள்ளக் குனிந்தபோது நீ பின்னாலிருந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். விடைவாக்கின் அதே ராகம். ஆனால் நான் கேட்டறியாத வரி. வாத்தியார் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது புத்தகத்துல இல்லையே" என்றார். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அந்தப் புத்தகத்தை அச்சடித்தவன் நான்தானே. "அக்கா, புத்தகத்துல உள்ளபடியே போகட்டும்" என்றேன்.

நீ நிறுத்திவிட்டாய். நான் ரயிலேறும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

துக்கத்தில் குழம்பிவிட்டாய் என்று அப்போது நினைத்தேன். ரயிலில்தான் உறைத்தது. நீ குழம்புகிறவள் இல்லை. ஏழு வயதில் நான் சொன்ன பொய்யை, நின்ற இடம், போட்டிருந்த சட்டையின் நிறம் உட்பட எனக்கே திருப்பிச் சொல்கிறவள் நீ. அது என்ன வரி அக்கா? எங்கிருந்து வந்தது?

உன் தம்பி

*

பிப்ரவரி 27

தம்பிக்கு,

கார்டும் வந்தது, கடிதமும் வந்தது. இரண்டும் ஜன்னல் மேடையில் இருக்கின்றன. நான் எழுத்துக்கூட்டி எழுதுகிறவள், நேரம் பிடிக்கும். மூன்றாம் வகுப்போடு ஏன் நின்றேன் என்பது உனக்கு மறந்திருக்கும். உனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வந்தது, வீட்டில் ஒரே ஒரு ஸ்லேட்தான் இருந்தது. என் பெயரைத் துடைத்து உன் கையில் கொடுத்தார்கள். அது கிடக்கட்டும்.

சாப்பிடுகிறேன். ருசி தெரியவில்லை, அவ்வளவுதான். நேற்று அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கொதித்தது. எதற்கு வைத்தேன் என்று தெரியவில்லை, இறக்கி வைத்தேன். அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தினமும் வந்து உட்கார்ந்து, அழுதுவிடுங்கள் அழுதுவிடுங்கள் என்கிறாள். ஏதோ மாத்திரையை விழுங்கச் சொல்வது போலச் சொல்கிறாள். கண்ணாடிகள் அப்படியே நிற்கின்றன. ஒருவர் மட்டும் வந்து தன்னுடையதை எடுத்துப் போனார். ஜன்னலில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனார். உட்காராமல் என்ன. உன் மாமாவுக்கு அளவைத் தவிர எதுவும் நினைவில் நின்றதில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

அப்பா சபையின் முன்சொல்லி. சபைக்கூடத்தில் நான்கு பேருக்குக்கூட எழுத்துத் தெரியாத காலம் அது. அவர் ஒரு வரி முன்னால் சொல்வார், இருநூறு பேர் பின்னால் சொல்வார்கள். வாக்கு முழுவதும் அப்பாவின் கைநோட்டில் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். முழுவதும் இல்லை. விடைவாக்கின் கடைசி நான்கு வரிகளை எந்த முன்சொல்லியும் நோட்டில் எழுதமாட்டார். அவை வாயில்தான் இருக்கும். தனக்கு அடுத்து வருகிறவனுக்கு வாயாலேயே கொடுப்பார். நோட்டைத் திருடினாலும் சரி, நகல் எடுத்தாலும் சரி, இறந்தவரை வழியனுப்ப முன்சொல்லி வந்துதான் தீரவேண்டும். அதற்குத்தான் அந்த ஏற்பாடு. தந்திரம் என்றால் தந்திரம்தான். அப்பாவே அப்படித்தான் சொல்வார்.

அது உனக்கு வரவேண்டியது. நீ நோட்டை நகல் எடுத்துக்கொண்டு அச்சு வேலைக்குப் போனாய். பல வருடம் கழித்து, வாக்கை அச்சடிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாய். நான் அன்றைக்கு அங்கேதான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கையில இருக்கிறதுதானே, எடுத்துக்கிட்டுப் போ" என்றார். நீ சிரித்துக்கொண்டே போனாய். வாயில் என்ன இருக்கிறது என்று நீயும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வீம்புக்கு வீம்பு.

புத்தகம் வந்த மறுவாரம் நீ அங்கே இல்லை. நான் இருந்தேன். அப்பா எழுந்து முதல் வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார், சபை பின்சொல்வதற்காக. யாரும் அந்த வரியோடு நிற்கவில்லை. மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று போய்க்கொண்டே இருந்தார்கள். அவர் பின்னாலேயே ஓடிப் பிடிக்கப் பார்த்தார். மூச்சு வாங்கியது. முன்சொல்லி பின்சொல்லி ஆகிவிட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவர் சபைக்கூடத்துக்குப் போவதற்கென்று மறுபடி அதைப் போடவே இல்லை.

அவரை அடக்கம் செய்த அன்று, நீங்கள் எல்லாரும் படித்து மூடிக் கலைந்து போன பிறகு, நான் அந்த நான்கு வரிகளைச் சொன்னேன். உன் மாமா என் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னார். என்ன, ஏது என்று ஒரு கேள்வி இல்லை. முன்சொன்னால் பின்சொல்ல ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அது சொன்னதாகாது. இப்போது அவரே மண்ணுக்குள். அவருக்கு அந்த வரிகள் போய்ச் சேரவில்லை.

வாத்தியார் தடுத்ததற்காக நான் நிறுத்தவில்லை. நீ சொன்னதற்காக நிறுத்தினேன்.

அக்கா

*

மார்ச் 8

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை படிக்க முடியவில்லை. புத்தகம் வந்து இருபத்திரண்டு வருடம். இத்தனை வருடமாக எத்தனை பேரை நாம் அரைகுறையாக அனுப்பி வைத்திருக்கிறோம் என்று எண்ண ஆரம்பித்தேன். நம் அம்மாவும் அதில் வருகிறாள் என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டேன். அம்மாவுக்கும் நீயும் மாமாவும் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆமாம் என்று மட்டும் எழுது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. புத்தகத்தில் 63ஆம் பக்கத்தில் ஒரே வரி இரண்டு முறை வரும். அது வாக்கு இல்லை. எங்கள் கம்பாசிட்டர் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போய், திரும்பி வந்து அதே வரியை மறுபடி கோர்த்துவிட்டார். புரூஃப் பார்த்த நானும் விட்டுவிட்டேன். அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடலாம் என்று போன வருடம் இங்கே சபைப் பெரியவர்களிடம் சொன்னேன். உங்கள் ஊர் கணக்கு வாத்தியாரும் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். அவர் முகம் கறுத்துவிட்டது. அந்த இரட்டை வரிக்கு மூன்று வாரம் விளக்கம் சொல்லியிருக்கிறாராம். முதல் தடவை காதுக்கு, இரண்டாம் தடவை நெஞ்சுக்கு. கேட்டு அழுதவர்கள் உண்டாம். "வாக்கைத் திருத்த நீங்க யாரு?" என்று கேட்டார்.

நான் யார் என்று எனக்கே தெரியவில்லை அக்கா. கல்யாணத்துக்கு எந்தப் பக்கத்தைப் படிப்பது, நோயாளி முன்னால் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு அச்சுக்கூடத்து வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். அப்பாவிடம் நின்ற மாதிரியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். ஆனால் என் கையால் நடந்த தப்பை நான் திருத்த முடியாது.

இரண்டாம் பதிப்புக்குக் காகிதம் வந்து இறங்கிவிட்டது. அந்த நான்கு வரிகளையும் எழுதி அனுப்பு. யார் கையிலும் கொடுக்காமல் நானே கோர்க்கிறேன்.

உன் தம்பி

*

மார்ச் 25

தம்பிக்கு,

ஆமாம். அம்மாவுக்குச் சொன்னோம்.

இரட்டை வரியைப் பற்றி நீ எழுதியதற்குச் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. உன் மாமா இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு சரி.

எனக்கு எப்படி இந்த வரிகள் வந்தன என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நீ ஊரை விட்டுப் போன பிறகும் அப்பா காலையில் பயிற்சிக்கு உட்காருவார். பின்சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவருக்கு வாக்கு ஓடாது, ஒற்றைக் காலில் நடக்கிற மாதிரி தடுக்கும். நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டே பின்சொன்னேன். ஒரு நாள் விடைவாக்கு வந்தது. நோட்டு முடிந்த இடத்தில் அவர் நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. அதைப் பெண்ணுக்குக் கொடுக்கக் கூடாது. அவர் கொடுக்கவில்லை, நான் வாங்கவில்லை. அவர் சொன்னார், நான் துணி மடித்தேன். இரண்டு பேரும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

எழுதித் தரமாட்டேன். நீ வா. உன் மாமாவின் தலைமாட்டில் என்னோடு வந்து நில். நான் முன்சொல்கிறேன், நீ பின்சொல். நான்கு வரி. ஒரு முறை மூச்சு வாங்குகிற நேரம். அவருக்கு அது போய்ச் சேரட்டும். அதற்குப் பிறகு வரிகள் உன் வாயில் இருக்கும். நீ அதை அச்சில் போடு, ஆற்றில் போடு, நான் கேட்கமாட்டேன்.

நீ ரயிலேறினால் ஒரு பகல். அவ்வளவுதான் தூரம். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். எனக்கு ஆடவில்லை, மரத்துக் கிடக்கிறது. உனக்காவது ஆடுகிறதா என்று பார்.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். என் பெரிய கத்தரிக்கோலை வாங்கிப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, அதையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கிடைத்தால் அனுப்புகிறேன்.

இப்போது நான் வர முடியாது. காரணத்தை உன்னிடம் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் கூட்டம் மறுபடி நடந்தது. வாத்தியார் இடுகாட்டில் நடந்ததைச் சொன்னார். உன்னைக் குறைவாகப் பேசவில்லை. "அம்மாவுக்கு வயசாச்சு, துக்கம் வேற" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். 'இதில் உள்ளதே முழுமை, கூட்டவும் குறைக்கவும் ஆகாது' என்று புதிய பதிப்பின் முதல் பக்கத்தில் ஒரு வரி போடச் சொல்லித் தீர்மானம் ஆயிற்று. அதை நான்தான் கோர்க்கவேண்டும்.

இந்த நேரத்தில் நான் அங்கே வந்து புத்தகத்தில் இல்லாததை வாய்விட்டுச் சொல்வதை ஒருவர் பார்த்தால் போதும். பதிப்பை வேறு அச்சுக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்த வரிகளுக்கு எந்தக் காலத்திலும் இடம் இல்லை. பயம் என்று நீ சொல்வாய். பயம்தான்.

ஆனால் அக்கா, கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு யோசித்துப் பார். நீ இருக்கிறவரை உன் வாய். நான் இருக்கிறவரை என் வாய். அதற்குப் பிறகு? ஈய எழுத்தில் ஏறிவிட்டால் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. 63ஆம் பக்கத்துத் தப்பே நிற்கிறதென்றால் இது நிற்காதா? புத்தகத்தில் வந்துவிட்டால், வாத்தியாரே வந்து மாமாவின் தலைமாட்டில் நின்று படிப்பார். அவருக்குப் பின்னால் சபை முழுவதும் சொல்லும். நான் ஒருவன் பின்சொல்வதைவிட அது மேலில்லையா?

எழுதி அனுப்பு. பெரியவர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்குவது என் பொறுப்பு.

உன் தம்பி

*

மே 2

தம்பிக்கு,

நான்கு வரிகளும் இத்துடன் தனித்தாளில் இருக்கின்றன. மடித்து நூல் சுற்றியிருக்கிறேன். கையைக் கழுவிவிட்டுப் பிரி.

எழுதி முடிக்க நான்கு நாள் ஆயிற்று. ஒரு நாளைக்கு ஒரு வரி. வாயால் சொல்லும்போது பிரியாமல் வருவதைத் தாளில் எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. உன் மாமாவின் அளவுக்கோலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டேன். அப்படியும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. புரியாத எழுத்து இருந்தால் ஊகித்துப் போடாதே, எழுதிக் கேள்.

சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்கள். எனக்கு இரண்டும் இல்லை. தபால்பெட்டிக்குள் கையை விட்டுப் போட்டேன். டப்பென்று விழுந்தது. வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கினேன்.

வாத்தியாரே வந்து படிப்பார் என்று எழுதியிருக்கிறாய். அது ஏப்ரல் பத்தாம் தேதிக் கடிதத்தில், இரண்டாவது தாளில் இருக்கிறது. நான் மறக்கமாட்டேன்.

அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள அக்கா,

கத்தரிக்கோலும் ஒரு புத்தகமும் பார்சலில் வருகின்றன. புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடு.

சொன்னபடி நானே கோர்த்தேன். கம்பாசிட்டரை அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். விடைவாக்கு முடியும் 88ஆம் பக்கத்தில் நான்கு வரிகளுக்கும் சரியாக இடம் இருந்தது, காத்திருந்த மாதிரி. புரூஃபை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் போனேன். வாத்தியார் பழைய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக எண்ணினார். நான்கு கூடியிருக்கிறது என்றார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். வாயில் வைக்கும் ஏற்பாட்டைச் சொன்னேன். உன் தாளைக் காட்டினேன்.

அதை வாங்கி மரியாதையாகத்தான் பார்த்தார். பிறகு, "இது இந்த வருஷம் எழுதின தாள். புத்தகம் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தியது. எது பழசு, நீங்களே சொல்லுங்க" என்றார். அப்பாவின் குரல் அதைவிடப் பழையது என்று சொல்லலாம். அதை எங்கே காட்டுவது?

எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். என் கையாலேயே இடுக்கியால் ஒவ்வோர் எழுத்தாகப் பிடுங்கி எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டேன். இரட்டை வரி அப்படியே இருக்கிறது.

ஆனால் கலைப்பதற்கு முன் ஒரு பிரதி மட்டும் ஓட்டினேன். ஒன்றே ஒன்று. தைத்து அட்டை போட்டேன். நான்கு வரிகளும் அதில் இருக்கின்றன. அதுதான் உனக்கு வருவது. உலகத்தில் முழு வாக்கும் இருக்கிற ஒரே புத்தகம் உன்னிடம்தான் இருக்கும். அதையாவது செய்தேன் என்று நினைத்துக்கொள்.

உன் தம்பி

*

செப்டம்பர் 14

அன்புள்ள அக்கா,

பார்சல் வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்று தபால்காரர் காட்டினார். அதற்குப் பிறகு நான் எழுதிய இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

எங்கள் பழைய கம்பாசிட்டர் போன வாரம் இறந்துவிட்டார். புதிய பதிப்பிலிருந்து படித்தார்கள். விடைவாக்கு வந்தது. முடிகிற இடத்தில் எல்லாரும் புத்தகத்தை மூடினார்கள். எனக்கு மட்டும் மாடிப்படி பாதியில் நின்றுபோன மாதிரி இருந்தது. அடுத்த படிக்குக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், படி இல்லை. நான்கு வரிகளையும் கோர்த்தவன் நான், கலைத்தவன் நான், எனக்கு அவை தெரியும். வாயைத் திறக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் என் பக்கத்தில் நின்று வேலை செய்த மனிதர்.

உன்னை இடுகாட்டில் என்ன செய்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அக்டோபர் 2ஆம் தேதி காலை ரயிலில் வருகிறேன். நேராக மாமாவிடம் போவோம். நீ முன்சொல், நான் பின்சொல்கிறேன். இனி யார் பார்த்தாலும் பரவாயில்லை. பார்க்க விருப்பம் இருந்தால் வந்து நிற்கலாம் என்று வாத்தியாருக்கே எழுதிப் போட்டுவிட்டேன்.

உன் தம்பி

*

செப்டம்பர் 22

தம்பிக்கு,

பார்சல் ஜூன் கடைசியிலேயே வந்தது. பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. கோபம் இருந்தால் எழுதியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

முன்னறை காலியாகிவிட்டது. மிச்சம் இருந்த கண்ணாடிகளை ஒரு கடைக்காரர் வண்டி வைத்து எடுத்துப் போனார். சுவரில் அவை சாய்ந்திருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

புத்தகம் வந்ததும் 88ஆம் பக்கத்தைத்தான் திறந்தேன். பார்த்து மகிழ்வதற்கு இல்லை. தப்புக் கண்டுபிடிக்க. ஓர் எழுத்தாவது விழுந்திருக்கும், ஒரு வரியாவது இடம் மாறியிருக்கும், அதை வைத்து உன்னை நான்கு வார்த்தை கேட்கலாம் என்று. கண்ணில் படவில்லை. நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலையில் மறுபடி பார்த்தேன். அதற்கு அடுத்த நாளும் பார்த்தேன். ஜூலை மாதம் முழுவதும் எழுந்ததும் அதுதான் வேலை. விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. உன் ஆயுளில் முதல் தடவை.

ஆகஸ்டில் ஒரு நாள் இடுகாட்டுக்குப் போனேன். பின்சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் போகிறது, சொல்லிவிட்டாவது வருவோம் என்று போனேன். புத்தகத்தை எடுத்துப் போகவில்லை. எனக்கு எதற்குப் புத்தகம். உன் மாமாவின் தலைமாட்டில் நின்று வாயைத் திறந்தேன்.

அப்பா வரவில்லை.

முன்பெல்லாம் முதல் வரிக்கு முன்னால் அவர் தொண்டையைச் செருமுவது கேட்கும். இரண்டாவது வரியின் நடுவில் மூச்சு எடுப்பார், மூன்றாவது வரியைக் கொஞ்சம் இறக்குவார். அவர் குரல் போன வழியில் என் குரல் போகும். நான் என்றைக்குமே முன்சொன்னதில்லை தம்பி. அன்றைக்குத்தான் அது தெரிந்தது. அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் பின்சொல்லிக்கொண்டே இருந்தேன். அதைத்தான் உன் மாமா எனக்குப் பின்னால் சொன்னார்.

அன்றைக்குக் கண் முன்னால் வந்தது உன் பக்கம். மேலே எண். கீழே நான்கு வரி, கறுப்பாக, ஒழுங்காக. தள்ளிப் பார்த்தேன். கண்ணை மூடிப் பார்த்தேன். மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதைப் படித்தேன். சத்தமாகத்தான் படித்தேன். வாத்தியார் படிப்பது போலவே இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. எந்த வருடம், எந்த மாதம், யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று கேள், சொல்கிறேன். அந்தக் குரல் மட்டும் இல்லை. புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுப் பார்த்தேன். ஒரு மாதம் ஆகிறது, அந்தப் பக்கம் கண்ணை விட்டுப் போகவில்லை. எனக்கு எதுவும் மறக்காதே. அதுவும் மறக்கவில்லை.

நீ வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மனதார எழுதியிருக்கிறாய், தெரிகிறது. மார்ச்சில் இதை எழுதியிருந்தால் ரயிலடிக்கே வந்து நின்றிருப்பேன். இப்போது நீ எனக்குப் பின்னால் நின்றால் நான் உனக்குப் படித்துக்காட்டத்தான் முடியும். அதற்கு நீ எனக்குப் பின்னால் நிற்கவேண்டியதில்லை. உனக்கு என்னைவிட நன்றாகப் படிக்கத் தெரியும்.

வரவேண்டாம். வாத்தியாருக்கும் ஒரு கார்டு போட்டுவிடு. அவர் போய்க் காத்துக்கொண்டு நிற்கப் போகிறார்.

அக்கா